மூன்று கை உப்பு

எனக்குப் பொறாமை அதிகம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். அதிகமெல்லாம் இல்லை. தேவையான அளவுக்கு உண்டு. ஒரே வீட்டில் ஒரே உலையில் பொங்கித் தின்கிற இரண்டு மருமகள்களில் ஒருத்தி மட்டும் எந்நேரமும் நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தால் மற்றவள் என்ன செய்வாள்? கும்மியா அடிப்பாள்?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஏரலில் இருந்தோம். ஆறு கடலில் போய்ச் சேருகிற பக்கம் மாமனாருக்குக் கொஞ்சம் உவர் நிலம் கிடந்தது. நெல் போட்டால் பதர்தான் மிஞ்சும், தென்னை வைத்தால் குருத்திலேயே கருகும். உடைமரமும் உப்புப் பூத்த மண்ணுமாகக் கிடந்த அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. திடீரென்று ஊர் முழுக்க இறால், இறால் என்று ஒரே பேச்சு. வேட்டியை மடித்துக் கட்டியவன் எல்லாம் குளம் வெட்டினான். மாமனாரும் வெட்டினார். இரண்டு குளம், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குக் கரை. கிழக்குக் குளம் மூத்த மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு. மேற்குக் குளம் இளையவனுக்கு. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் வீட்டில் பெண்கள் என்றால் நானும், கொழுந்தன் பெண்டாட்டியான என் ஓரகத்தியும்தான்.

அவள் ராதாபுரம் பக்கத்துப் பெண். சத்தமே வராது. நடந்தால் கொலுசுகூட யோசித்துத்தான் ஒலிக்கும். வாயைத் திறந்தால் "அக்கா, அக்கா" என்பாள். நான் ரசம் வைத்தால் மாமனார் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். அவள் வைத்தால் இன்னொரு அகப்பை கேட்பார். நான் ஒரு சொல் சுருக்கென்று சொன்னால் அவள் திருப்பிச் சொல்ல மாட்டாள், தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் துருவுவாள். சண்டைக்கே வராத ஆளோடு எப்படித்தான் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள். பார்க்கிறவர்களுக்கு நான்தான் ராட்சசி மாதிரித் தெரிவேன்.

எனக்கென்று இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். என் பிறந்த வீடு. திருநெல்வேலி டவுனில் என் அப்பா உரக்கடை வைத்திருந்தார். யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். கடைக்கு வருகிற விவசாயிகள் யூரியா என்று கேட்க மாட்டார்கள். "அண்ணாச்சி, உப்பு ரெண்டு மூட்ட போடுங்க" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். உப்பு என்றால் உரம். சமையலுக்குப் போடுவது கல்லுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் சாப்பிடும்போது "உப்பு கொண்டாம்மா" என்று கேட்க, எனக்கு ஒரு நொடி திக்கென்றது. அந்த அளவுக்கு அந்தச் சொல் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அவளுடைய பிறந்த வீட்டில் என்ன இருந்தது? ஆடு. பனங்காட்டில் மேய்கிற ஆடுகள், அவற்றின் புழுக்கை. அவ்வளவுதான்.

இறால் குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்துத் தண்ணீருக்கு நிறம் பிடிக்க வேண்டும். முதலில் குளத்தைக் காயப்போட்டு, சுண்ணாம்பு தூவி, ஆற்றுவாயிலிருந்து தொடையளவு தண்ணீர் இறைப்பார்கள். அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் குஞ்சை விட்டால் தின்ன ஒன்றும் இருக்காது, வெயில் அடிவரைக்கும் இறங்கிப் பாசி படரும், கொக்கும் நாரையும் மேலிருந்தே பொறுக்கித் தின்னும். உரம் போட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகித் தண்ணீர் நிறம் மாறும். அதைத்தான் "தண்ணி பிடிச்சிருச்சு" என்பார்கள். பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. கையை நேராகத் தண்ணீருக்குள் விட வேண்டும். முழங்கை முங்குகிறபோது விரல்கள் மறைந்துவிட்டால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வருசம் பொங்கல் படி வந்த அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கரும்பும் மஞ்சள்குலையும் பச்சரிசியும் பானையும் வரும் இல்லையா, என் அப்பா அதோடு ஒரு மினிலாரியில் யூரியாவும் சூப்பரும் அனுப்பிவிட்டார். மூட்டைகளின் மூலையில் மஞ்சள்கூடத் தடவியிருந்தது. தெருவே பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. லாரி இன்னும் வாசலைவிட்டு நகரவில்லை, பின்னாலேயே அவளுடைய அண்ணன் ஒரு டிராக்டரில் வந்து இறங்கினான். கரும்பு, பானை, அதற்குப் பின்னால் சாக்குச் சாக்காக ஆட்டுப் புழுக்கை. தெருவில் ஒரு வாசம் கிளம்பியது பாருங்கள், எதிர்வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதென்னட்டி, பொங்கப் படியா, ஆட்டுக் கிடையா?" என்றேன்.

"எங்க வீட்டுல வேற என்னக்கா இருக்கு?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சாயங்காலம் பேச்சு முற்றிவிட்டது. இரண்டு குளத்துக்கும் உப்புதான் போட வேண்டும், சீக்கிரம் பிடிக்கும், சுத்தமாக இருக்கும் என்றேன் நான். எரு போட்டால் தண்ணீர் நாறிவிடும் என்றேன். கொழுந்தன் தன் பெண்டாட்டிக்காகப் பேசினான். எருதான் நின்று பலன் தரும், உப்பு போட்டால் வந்த வேகத்தில் போய்விடும் என்றான். என் வீட்டுக்காரர் வழக்கம்போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"எதுக்கு இந்தச் சண்ட? அவுகவுக வீட்டுல வந்தத அவுகவுக குளத்துல போடுங்க. மாசியில குஞ்சுக்காரன் ஒரு வண்டிக் குஞ்சுதான் தருவானாம். ஒரு குளத்துக்குத்தான் காணும். எந்தத் தண்ணி பிடிச்சு நிக்கோ, அதுல விடுவோம்."

அடுத்த வண்டி வர வேண்டுமென்றால் சித்திரை ஆகிவிடும். அதற்குள் வெயிலில் தண்ணீர் சுண்டிக் கரித்துப்போகும், அப்புறம் குஞ்சு விடுவதும் ஒன்று, விடாமலிருப்பதும் ஒன்று. ஆக, இரண்டு குளத்தில் ஒன்று நிறையும், ஒன்று வெறுமனே கிடக்கும். எந்த மருமகளின் பிறந்த வீட்டு உரம் குஞ்சைக் கொண்டுவந்தது என்று ஊர் பேசும். எனக்கு அது போதும், ராத்திரியில் தூக்கம் போவதற்கு.

சூப்பரை முதல் நாளே தொட்டியில் ஊறப்போட்டேன். காலையில் யூரியாவையும் கரைத்து, நானே கரையோரமாக நடந்து வாளியும் கோப்பையுமாக வீசினேன். ஆள் வைக்கவில்லை. என் அப்பா கடைச் சரக்கை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. மூன்று நாள்தான். நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், குளம் வாழைக்குருத்து நிறத்தில் மின்னுகிறது! கையை விட்டேன். வளையல் மறைந்தது. கரையில் நின்று நான் குதிக்காத குறைதான்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். காட்டாமல் எப்படி? அவள் கரையில் நின்று பார்த்தாள். கண் விரிந்தது. "என்னமாப் பிடிச்சிருக்குக்கா!" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது. அன்றைக்கு ராத்திரி ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டேன்.

அவள் குளமோ பார்க்கச் சகிக்காது. புழுக்கையைச் சாக்குகளில் கட்டி, நான்கு மூலையிலும் கம்பு நட்டு, தண்ணீரில் முங்கும்படித் தொங்கவிட்டிருந்தாள். காலையும் சாயங்காலமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஒவ்வொரு சாக்காகப் பிசைந்து ஆட்டுவாள். துணியில் டீத்தூளைக் கட்டி வெந்நீரில் முக்குவது போல ஒரு செம்மண் சாறு இறங்கும். ஈ மொய்க்கும். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, கலங்கல் தவிர வேறொன்றும் காணோம். நான் என் கரையில் நின்றுகொண்டு, "பைய ஆட்டுட்டி, சாக்கு கிழிஞ்சிரப் போவுது" என்பேன். அவள் தலையைத் தூக்கிச் சிரிப்பாள். சேறு அப்பிய முகத்தோடு அவள் சிரித்தாலும் லட்சணமாகத்தான் இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது.

பிறகு ஒரு நாள் அவள் தண்ணீர் திரும்பிவிட்டது. என்ன நிறம் தெரியுமா? டீ நிறம். நல்ல சாயம் இறங்கிய, பால் அளவாக ஊற்றிய டீ. இறால்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், பச்சை வந்தால் நல்லது, ஆனால் அந்தத் தவிட்டு நிறம் வந்தால்தான் கும்பிடுவார்கள். பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். என் பச்சைக் குளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போய் அவள் கரையில் கூட்டமாக நின்றார்கள். "என்னத்த வே போட்டீரு?" என்று கொழுந்தனைக் கேட்டார்கள். அவன், "எங்க மாமனார் வீட்டு ஆட்டுப் புழுக்கைதான் வே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். மாமனார் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். நாறும் என்று சொன்னேன் அல்லவா? நாறவில்லையாம். மழைவிட்ட மண் மாதிரி மணக்கிறதாம். என் கண்ணில் யாரோ மிளகாயைக் கிள்ளி வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மியில் மசாலாவை அரைத்த வேகத்தில் குழவி கையைவிட்டுப் போனது.

அதோடு விட்டதா? என் குளம் வெளுக்க ஆரம்பித்தது. வாழைக்குருத்து நிறம் ஒரு நாள் மங்கியது. நான் இன்னும் ஒரு வாளி உப்பு விட்டேன். கொஞ்சம் ஏறியது. மறுபடி மங்கியது. மறுபடி விட்டேன். இரண்டு நாள் மேகமூட்டம் வேறு. மூன்றாம் நாள் தண்ணீர்மேல் ஒரு நுரையும் பச்சை ஆடையுமாகக் காற்றில் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தது. மிச்சத் தண்ணீர் பளிங்கு. அடியில் ஒரு நண்டு நடந்துபோவது தெரிந்தது. கையை விட்டேன். வளையல் தெரிந்தது, வளையலில் இருந்த பூவேலைகூடத் தெரிந்தது.

"அளவா விடணும்னு ஒங்கப்பா சொன்னாகள்ளா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சவத்த விடுங்க. ஒங்களுக்கு எப்பவும் நான்தான் தப்பு" என்றேன்.

அன்று மதியம் காவல்காரருக்குச் சோறு கொண்டுபோனேன். இரண்டு குளத்துக்கும் சேர்த்து ஒரே காவல்காரர், வயசானவர், குடிசையில் இருப்பார். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"யம்மா, ஒங்க குளத்துக்கு எளையவுகளும் உப்பு போடுதாகளா?"

"என்னது?"

"அந்தி நேரத்துல வருதாக. ஒங்க மடைக்கிட்ட நின்னு உப்ப அள்ளிப் போட்டுட்டுப் போறாக. செவ்வாயும் பாத்தேன், வெள்ளியும் பாத்தேன்."

"நீரு சும்மாவா பாத்துக்கிட்டு இருந்தீரு?"

"வீட்டு ஆளுகதானம்மா? நான் என்னத்தக் கேக்க?"

அடிப் பாவி! என் குளம் தானாகப் போகவில்லை. உப்பை அளவுக்கு மீறிப் போட்டால் தண்ணீர் எரிந்துபோகும் என்று உரக்கடைக்காரர் மகளுக்குத் தெரியாதா? பூனை மாதிரி இருந்துகொண்டு, அந்தி மயங்குகிற நேரத்தில் வந்து, என் அப்பா கடை உப்பையே எடுத்து, என் குளத்தையே எரித்திருக்கிறாள். உரம் அடுக்கியிருந்த கொட்டகைக்கு ஓடிப்போய் மூட்டையைப் பார்த்தேன். பாதிக்குமேல் குறைந்திருந்தது. நான் எவ்வளவு எடுத்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. அவள் எடுத்திருக்கிறாள் என்பது மட்டும் கண்ணால் கண்ட மாதிரித் தெரிந்தது.

உடனே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனியாகக் கேட்டால் "அக்கா" என்று ஒரு சொல் சொல்லிக் கண்ணைக் கசக்குவாள், அதோடு அமுங்கிப்போகும். எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். குஞ்சு வருகிற அன்றைக்குக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் வைத்த ரசத்தையும் குடித்துக்கொண்டு இருந்தேன். ரசம் நன்றாக இருந்தது, அதை வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

குஞ்சு வண்டி வருகிற காலை. எல்லாரும் நடுக்கரையில் நின்றோம். மாமனார் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முதலில் என் குளத்தில் இறங்கினார். கையை விட்டார். முழங்கை முங்கியது, தோள்வரை முங்கியது, விரல் ஐந்தும் தெளிவாகத் தெரிந்தன. கரையேறினார். மேற்குக் குளத்தில் இறங்கினார். கையை விட்டார். முழங்கையிலேயே விரல்கள் மறைந்துவிட்டன.

"எளையவன் குளத்துல விடுவோம்" என்றார்.

"ஒரு நிமிசம் மாமா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "என் குளம் தானாப் போகல. போக வச்சது யாருன்னு கேளுங்க."

"யாரு?"

"இந்தா நிக்காளே, ஒண்ணுந் தெரியாத பச்சப்புள்ள கணக்கா. இவதான். எங்கப்பா கட உப்ப எடுத்து என் குளத்துல அள்ளி அள்ளிப் போட்டு எரிச்சுட்டா. நான் பொய் சொல்லுதேன்னா காவக்காரர்ட்டக் கேளுங்க."

காவல்காரர் தலையைச் சொறிந்தார். "உப்பு போட்டது நெசந்தான் அண்ணாச்சி. கண்ணால பாத்தேன்."

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "ஏட்டி, போட்டியா?"

"போட்டேன்" என்றாள்.

எனக்குள் ஒரு மத்தாப்பு கொளுத்திய மாதிரி இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! இத்தனை வருச ரசத்துக்கும் இன்றைக்கு முடிவு என்று நினைத்தேன். மாமனார் கரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருந்தது.

"எவ்வளவும்மா போட்ட?" என்று கேட்டார்.

"தடவைக்கு மூணு கை மாமா."

"மூணு கை யூரியாவுல ஒரு குளம் எரியுமா?" என்றார் என் வீட்டுக்காரர். வாயே திறக்காத மனுசன், திறந்தார் பாருங்கள், சரியான நேரத்தில்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "யூரியாவா? அய்யோ அத்தான், நான் எதுக்கு அக்கா யூரியாவத் தொடுதேன்? இது அடுப்படி உப்பு. கல்லுப்பு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கொழுந்தன் கேட்டான்: "கடல் தண்ணிக்குக் கல்லுப்பு எதுக்குட்டி?"

"சுத்திப் போட்டேன்" என்றாள்.

கண்ணேறு கழிக்க உப்பைக் கையில் மூடிச் சுற்றி, தண்ணீரில் போடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உப்பு கரைகிற மாதிரிக் கண்ணும் கரையும் என்பார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் கண்ணுக்குத்தான் சுற்றியிருக்கிறாள், என்னைக் கொள்ளிக்கண்ணி என்று நினைத்திருக்கிறாள். அதையும் கேட்டுவிடுவது என்று ஆயிற்று.

"யாரு கண்ணுக்குட்டி சுத்திப் போட்ட? என் கண்ணுக்கா?"

"என் கண்ணுக்குத்தான் அக்கா" என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். "அன்னைக்குக் கூட்டிட்டு வந்து காட்டுனியள்ளா. மூணே நாள்ல பச்சப் பசேல்னு நிக்கு. எனக்குத் தாங்கல அக்கா. எங்க வீட்டுல இருந்து லாரி வருமா, மூட்டயில மஞ்சத் தடவி விடுவாகளா? இந்த நாத்தப் புழுக்கையப் பெசஞ்சுக்கிட்டுக் கெடக்கோமேன்னு என் வயிறு எரிஞ்சுச்சு. பெருமூச்சு வேற விட்டுட்டேன். ராத்திரி ஒறக்கமே இல்ல. என் கண்ணு பட்டுத்தான் ஒங்க குளம் போயிரப் போவுதுன்னு, செவ்வா வெள்ளி வந்து, ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, என் கண்ணு எல்லாம் கரஞ்சு போகட்டும்னு சுத்திப் போட்டேன். அப்படியும் போயிருச்சே அக்கா."

காற்றுக்குச் சாக்குக் கம்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். கொழுந்தன் தரையைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் அந்த இடத்தில் உருகிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று நினைத்தால் உங்கள் தப்பு. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வீட்டில் பொறாமைப்படுவதிலாவது நான்தான் முதல் ஆள் என்று இருந்தேன். அதிலும் இவள் எனக்கு முன்னாலேயே பட்டிருக்கிறாள். பட்டது மட்டுமா? பட்ட கையோடு அதைச் சுற்றிக் கரைத்தும் விட்டிருக்கிறாள். நான் மாசம் முழுக்க வயிற்றில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்ததை, இவள் மூன்று கை உப்பில் முடித்துவிட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

வண்டி வந்துவிட்டது. குஞ்சுகள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் இருந்தன, கண்ணிமை முடியளவுக்கு, ஓயாமல் துடித்துக்கொண்டு. பைகளை முதலில் அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போனதும் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, அப்புறம்தான் திறந்துவிட வேண்டும். ஆள் போதவில்லை. நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் இடுப்பளவு சேறோடு, அழுது வீங்கின மூக்கோடு, "அக்கா, இந்தப் பையப் பிடிங்க, வழுக்குது" என்று கூப்பிட்டாள். இறங்கினேன். என்ன செய்ய, குஞ்சு செத்துப்போகுமே. அந்த டீ நிறத் தண்ணீர் என் கையில் பட்டது. வெதுவெதுப்பாக, வழுவழுவென்று இருந்தது. வளையல் மறைந்தது.

சாயங்காலம் டவுனுக்கு ஃபோன் போட்டு அப்பாவிடம் அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏளா, மொதல்ல எருவப் போட்டு அடியக் கட்டணும். அதுக்கு மேல உப்பக் கொஞ்சங் கொஞ்சமா விடணும். ரெண்டும் சேந்தாத்தான் தண்ணி நிக்கும். நம்ம வயலுக்கு நான் அப்படித்தான போடுதேன்?" என்றார். உப்பு விற்றுப் பிழைக்கிற மனுசன் பேசுகிற பேச்சா இது! இதைப் பொங்கலுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? "நீ கேக்கல, மூட்ட எத்தனன்னு மட்டுந்தான் கேட்ட" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

என் குளம் அந்த வருசம் வெறுமனேதான் கிடந்தது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கி, ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. அதைத் தாண்டித்தான் தினமும் அவள் குளத்துக்குப் போக வேண்டும். குஞ்சுகள் விரலளவு ஆயின. தீனி வைக்கிற வலைத்தட்டைத் தூக்கினால் துள்ளின. மாமனார் அவள் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தடவை அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதும் எனக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. எத்தனை அடக்கினாலும் வந்தது. என் பெருமூச்சு அவளுடையதைப் போல லேசானதில்லை. அது பட்டால் பத்து குளம் போகும். எனக்கே பயமாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில், அடுப்படி ஜாடியிலிருந்து கல்லுப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். யாரும் இல்லை, காவல்காரரைத் தவிர. அவள் குளத்து மடையருகே நின்றேன். உப்பைக் கையில் மூடிச் சுற்றினேன். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று சொல்லிவிட்டேன். அடுத்ததைச் சொல்லாமல் தண்ணீரைப் பார்த்தேன். டீ நிறத் தண்ணீரில் குஞ்சுகள் வரிசையாகக் கரையோரம் போய்க்கொண்டிருந்தன. "என் கண்ணு" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"கடல் தண்ணிக்கு எத்தன பேருதாம்மா உப்பு போடுவீக?" என்றார் காவல்காரர்.

அவள் என் குளத்துக்கு மூன்று கை போட்டாள். நான் மூன்று கை போட்டேன். முந்தானையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் அள்ளி நாலாவது கையாகப் போட்டேன். இதிலாவது அவளை முந்திவிட்டேன்.